வாங்காத பிராது

போன வருசம் சட்டம் படிக்கும் மாணவர்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் மரண தண்டனைக்கு எதிராகப் பேசினேன். வழக்கமாகப் பேசுவதைத்தான் பேசினேன். தூக்குக் கயிறு ஏழையின் கழுத்தைத்தான் தேடி வரும், தப்பான தீர்ப்பைத் திருத்த வழியிருக்காது, கொல்லும் உரிமை அரசுக்குக் கிடையாது. முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். காலனிப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணா, அமெரிக்காவுல மெக்டஃப்னு ஒருத்தன். மரண தண்டனையில இருந்து தப்பிச்சு, பரோல்ல வெளிய வந்து, திரும்பவும் கொன்னான். அவனை மொதல்லயே முடிச்சிருந்தா அந்தப் பொம்பளைங்க உயிரோட இருந்திருப்பாங்க இல்ல? அதுக்கு இன்னா சொல்றீங்க?"

நான் ஒரு கணக்கைச் சொன்னேன். 1972இல் ஃபர்மன் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அன்றிருந்த மரண தண்டனைச் சட்டங்களைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. நாடு முழுக்கச் சாவுக்குக் காத்திருந்த நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனை ஆயுளாக மாறியது. அவர்களில் 558 பேர் என்ன ஆனார்கள் என்று தேடிப்பார்த்து இரண்டு ஆய்வாளர்கள் 1989இல் எழுதினார்கள். வெளியே விடப்பட்ட இருநூற்றுச் சொச்சம் பேரில் அதுவரை மறுபடி கொலை செய்தவன் ஒருவன்தான். இதைச் சொன்னேன்.

"அந்த ஒருத்தன் கையில செத்தவங்க வீட்டுக்குப் போயி இந்தக் கணக்கைச் சொல்லுவீங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். நாலைந்து பேர் கை தட்டினார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒன்றை மறைத்துவிட்டேன். கணக்கு சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. செத்தவன் வீடு என் வீடுதான். என் அண்ணனைக் கொன்றவனும் பரோலில் வந்தவன்தான்.

வட ஆற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். 1991ஆம் வருசம். அவன் ஊர்த்தெருக்காரன். வரப்புத் தகராறில் சொந்த சாதிக்காரன் ஒருவனையே வெட்டிவிட்டு ஆயுள் தண்டனையில் போயிருந்தான். அவன் உள்ளே இருந்த அஞ்சாறு வருசத்தில் காலனியில் சில மாற்றங்கள் நடந்திருந்தன. ஊர்த்தெருச் சாவுக்கு மேளம் அடிக்கப் போவதை எங்கள் ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் எட்டுக் குடும்பத்துக்குப் பட்டா வாங்கினார்கள். இதற்கெல்லாம் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தவன் என் அண்ணன். கல் உடைக்கிற வேலை. எட்டாவதுவரை படித்தவன். டீக்கடையில் எங்களுக்கென்று தனியாக வைத்திருந்த கிளாசை ஒருநாள் கீழே போட்டு உடைத்தவனும் அவன்தான்.

தங்கச்சி கல்யாணத்துக்கென்று பதினைந்து நாள் பரோலில் வந்தவன், மூன்றாம் நாள் டீக்கடையில் அண்ணனைப் பார்த்தான். "நான் இல்லாத நேரத்துல பறப்பசங்களுக்குத் துளிர் வுட்டுப்போச்சா? உள்ள போவப்போறவன்டா நான். ஒண்ணுக்கும் ஆயுள்தான், ரெண்டுக்கும் ஆயுள்தான்" என்று சொல்லி, வேட்டி மடிப்பில் இருந்த சூரிக்கத்தியை எடுத்துக் காட்டினான். பத்துப் பேர் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி, பத்தாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, கோடு போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அம்மா பிராது எழுதச் சொல்லுச்சு. கீழே கைநாட்டு வைத்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு ஏழு மைல் நடந்து டேசனுக்குப் போச்சு. நான் அப்போது வேலூரில் அரசு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும்.

ரைட்டர் தாளை வாங்கிப் படித்திருக்கிறார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "பரோல்ல வந்தவன்மா. இன்னும் பத்து நாள்ல தானா உள்ள போயிடப்போறான். எதுக்கு வம்ப வளத்துக்கிற? உம் புள்ளைய அதுவரைக்கும் அந்தப் பக்கம் போவாம இருக்கச் சொல்லு." அம்மா வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது அவனே அங்கே வந்திருக்கிறான். பரோலில் வந்தவன் தினமும் டேசனில் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரைட்டரிடம் சிரித்துப் பேசிவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறான்.

அந்த டேசன் அவன் கையெழுத்தைத் தினமும் வாங்கியது. எங்க அம்மாவின் கைநாட்டை வாங்கவில்லை.

நாலாம் நாள் ராத்திரி, கல்குவாரியிலிருந்து திரும்பும் வழியில் அண்ணனை வெட்டிப் போட்டான். அண்ணனுக்கு இருபத்தாறு வயசு.

வழக்கு நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்து ஒரு வருசம் தாண்டியிருந்தது. அதை எங்கள் வழக்கில் சேர்க்கவில்லை. வெறும் முன்விரோதம் என்று எழுதினார்கள். அந்தப் பிராதைக் கொண்டுபோய்க் காட்டினோம். "இதுல டேசன் சீல் இல்ல, நம்பர் இல்ல. இன்னிக்கு எழுதிக் கொண்டாந்ததுன்னு எதிர்த்தரப்புல சொல்லுவாங்க" என்று அரசு வக்கீல் திருப்பிக் கொடுத்தார். ஆக, அந்தத் தாள் இரண்டு இடத்திலிருந்து திரும்பி வந்தது.

தீர்ப்பில் மறுபடியும் ஆயுள். கோர்ட்டு வாசலில் அம்மா அந்த வக்கீலைப் பிடித்துக்கொண்டு, "ஏற்கெனவே ஆயுளுல கீறவனுக்கு மறுபடி ஆயுள்னா இன்னா சாமி அர்த்தம்?" என்று கேட்டது. அவர் கொஞ்சம் நல்ல மனுசன். நின்று பதில் சொன்னார். "முன்னெல்லாம் ஆயுள் கைதி கொலை பண்ணா தூக்குதாம்மா. ஜட்ஜு நெனைச்சாலும் வேற குடுக்க முடியாது. எண்பத்திமூணுல சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தை எடுத்துடுச்சு. இப்பவும் தூக்கு குடுக்கலாம், ஆனா குடுத்தே ஆவணும்னு இல்ல."

"எவன் எடுத்தான் அத? அவன் வூட்ல சாவு வுழுந்திருந்தா எடுத்திருப்பானா?" அம்மா மண்ணை வாரித் தூற்றியது.

நான் சட்டம் படிக்கப் போனது அந்தக் கேள்விக்காகத்தான். யார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி. படிக்கப் போன இடத்தில் கிடைத்தது மித்து என்பவர் பஞ்சாப் அரசுக்கு எதிராக நடத்திய வழக்கின் தீர்ப்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு 1860இல் வெள்ளைக்காரன் எழுதியது. ஆயுள் தண்டனையில் இருப்பவன் கொலை செய்தால் மரணம் ஒன்றே தண்டனை. ஏன் கொன்றான், எந்த நிலைமையில் கொன்றான், ஜெயிலுக்குள்ளா, பரோலில் வெளியிலா, எதையும் நீதிபதி பார்க்க முடியாது. ஆயுள் கைதிகளிடமிருந்து ஜெயில் அதிகாரிகளைக் காப்பாற்ற எழுதிய பிரிவு அது. அன்றைக்கு அந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். 1983இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளுக்கு விரோதம் என்று சொல்லி நீக்கியது.

அந்த ஐந்து பேரின் பெயரைப் பார்த்துக்கொண்டே வந்தவன் கடைசிப் பெயரில் நின்றுவிட்டேன். ஏ. வரதராஜன். உச்சநீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி. ஜோலார்பேட்டைக்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அத எடுத்தவங்கள்ல நம்ம ஆளு ஒருத்தரும் உண்டும்மா. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தது. பிறகு சொல்லுச்சு: "படிச்ச மனுசன், யோசிச்சுத்தான் பண்ணியிருப்பாரு. எம் பிராதைப் படிக்கத்தான் ஒரு ஆளு இல்லாமப் பூட்டாங்க."

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் அந்தப் பெண் சொன்ன மெக்டஃப் வழக்கை இப்போது உட்கார்ந்து படித்தேன்.

கென்னத் மெக்டஃப் டெக்சாஸ் மாநிலத்து வெள்ளைக்காரன். 1966இல் இரண்டு பையன்களையும் ஒரு பெண்ணையும் கொன்றான். மூவரும் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள். மரண தண்டனை விதித்தார்கள். 1972இல் அது ஆயுளானது. ஜெயிலில் இருக்கும்போதே, பரோல் வாரியத்து ஆள் ஒருவருக்குப் பத்தாயிரம் டாலர் லஞ்சம் தருவதாகச் சொல்லி, அதற்கும் தண்டனை வாங்கினான். அப்படியும் 1989 அக்டோபரில் பரோலில் விட்டார்கள். ஜெயில்கள் பிதுங்கி வழிந்தன, நெருக்கடியைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றம் நெருக்கியது, வாரியம் கும்பல் கும்பலாக ஆட்களை வெளியே தள்ளியது. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வெளியே விட்டதுதான் தப்பு என்று இதோடு முடித்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1990இல் ரோஸ்பட் என்கிற அவன் சொந்த ஊரில் ஒரு கறுப்பினப் பையனைக் கத்தி காட்டி மிரட்டினான். பரோலை ரத்து செய்து உள்ளே அனுப்பினார்கள். எத்தனை நாளைக்கு? அந்த வருசம் முடிவதற்குள் மறுபடி வெளியே விட்டுவிட்டார்கள். மூன்று பிள்ளைகளைக் கொன்றவன் ஒரு கறுப்புப் பையன் முகத்துக்கு நேரே கத்தி நீட்டியது அவர்களுக்கு ஒரு பெரிய விசயமாகப் படவில்லை. இதைப் படித்தபோது டீக்கடையில் எங்க அண்ணன் நின்றதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருசம் வேகோ நகரத்தில் போலீஸ் சோதனைச் சாவடி ஒன்று. அவன் வண்டி வருகிறது. உள்ளே ஒரு பெண் அலறிக்கொண்டு முன்கண்ணாடியைக் காலால் உதைக்கிறாள். போலீஸ் கண்ணெதிரே நடந்தது இது. அவன் வண்டியை முறுக்கிக்கொண்டு பறந்துவிட்டான். துரத்தினார்கள், பிடிக்கவில்லை. அஞ்சு நாள் கழித்து இன்னொரு பெண் காணாமல் போனாள். இரண்டு பேரும் தெருவில் நின்று உடலை விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுடைய எலும்பு கிடைத்தது 1998இல், அவனைக் கொல்லுவதற்குச் சில வாரம் முன்னால்தான். ஏழு வருசம். பெரிய வேட்டை கிளம்பியதெல்லாம், ஆஸ்டின் நகரில் கணக்காளராக வேலை பார்த்த பெண்ணையும், வேகோவில் கடையில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்ணையும் அவன் கொண்டுபோன பிறகு. மரண தண்டனை விதித்ததும் இந்த இரண்டு கொலைகளுக்குத்தான். தெருவில் நின்ற அந்த இரண்டு பெண்களுக்காக ஒரு வழக்குகூட நடக்கவில்லை. 1998 நவம்பர் 17 அன்று விச ஊசி போட்டு அவனைக் கொன்றார்கள்.

ஆக, அவனை யார் வெளியே விட்டது என்பது பாதிக் கேள்வி. வெளியே வந்தவன் மிரட்டியபோது யாருடைய பேச்சு காதில் விழவில்லை என்பதுதான் மீதிக் கேள்வி. அந்த மீதியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் போலீஸ் ஸ்டேசன் வாசலில் வந்து நிற்கும்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மெக்டஃப் கொலை செய்ததால் வெள்ளைக்காரர்கள் எல்லாருமே கொலைகாரர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவன் ஒரு தனி மிருகம், அவ்வளவுதான். ஆனால் மாசசூசெட்ஸில் ஹார்ட்டன் என்று ஒரு கறுப்பினக் கைதி. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. 1986இல் வார விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருசம் மேரிலாந்தில் ஒரு பெண்ணைக் கெடுத்தான், அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனைக் கத்தியால் குத்தினான். கொடுமைதான், மறுக்கவில்லை. 1988 ஜனாதிபதித் தேர்தலில் அவன் முகத்தைத் தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு வெள்ளைக்கார வீடுகளைப் பயமுறுத்தினார்கள். வில்லியம் என்பது அவன் பெயர். விளம்பரக்காரர்கள் அதை வில்லி என்று சுருக்கினார்கள். பெயரைச் சுருக்குவதும் சிதைப்பதும் எதற்கு என்று நமக்குத் தெரியாதா? ஆதிக்கத்தில் இருப்பவன் செய்தால் அது அவனோடு போகும். ஒடுக்கப்பட்டவன் செய்தால் அவன் தெருவுக்கே அந்தப் பழி.

இங்கே வருவோம். பிகாரில் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997இல் 58 தலித்துகளைக் கொன்றார்கள். 2010இல் 16 பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. 2013இல் உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்துவிட்டது. அதே பிகாரில் பாரா என்கிற ஊரில் 1992இல் பூமிகார் சாதிக்காரர்கள் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை வாங்கிய நால்வர், 2017இல் ஜனாதிபதி அதை ஆயுளாகக் குறைக்கும்வரை கயிற்றுக்குக் கீழேயே இருந்தார்கள். நால்வரில் மூவருக்குப் பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது: மோச்சி, மோச்சி, பாஸ்வான். ஆந்திராவில் 1993இல் சிலக்கலூரிப்பேட்டை பஸ் எரிப்பு வழக்கில் தூக்குக் கொட்டடிவரை போன இரண்டு இளைஞர்களும் தலித்துகள். 1998இல் கே.ஆர். நாராயணன் தண்டனையைக் குறைத்துத்தான் உயிர் பிழைத்தார்கள். 2016இல் தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மரண தண்டனைக் கைதிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், நாலில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 24.5 சதம் தலித்துகளும் பழங்குடிகளும்.

எங்க அண்ணனுக்காக நான் கேட்கிற கயிறு, எங்க அண்ணனைப் போன்ற இன்னொருவன் கழுத்துக்குத்தான் போகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் பொய் சொல்கிறவன் ஆவேன். அவன் பதினாறு வருசம் கழித்து விடுதலையாகி ஊருக்கு வந்தான். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வந்த நாளிலிருந்து மூணு மாசம் அம்மா தூங்கவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் எனக்குப் போன் பண்ணி, "வூட்டுக்கு வந்துட்டியா?" என்று கேட்கும். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயசு. வக்கீல். மனித உரிமைக் கூட்டங்களில் முன்விடுதலை கைதியின் உரிமை என்று பேசுகிறவன். அம்மாவின் பயத்துக்கு என் பேச்சில் ஓர் இடமும் இல்லை.

மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அப்போது நாமெல்லாம் எதிர்த்தோம். தூக்கும் கூடாது, விடுதலையும் கூடாது என்றால் இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில் இது: விடவே கூடாது என்று சொல்லவில்லை. விடுவதற்கு முன்னால் அந்தக் காலனியைக் கேள் என்கிறோம். அவன் திரும்பி வரப்போகிற தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார் என்கிறோம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஜாமீன், விடுதலை, பரோல் எதுவானாலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும். சட்டமாக வந்துவிட்டது. எத்தனை காலனிகளுக்கு இது தெரியும்?

2024 ஜூலையில் வந்த புதிய நியாயச் சட்டத்தில் பழைய 303 வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. ஆயுள் கைதி கொலை செய்தால், மரணம் அல்லது சாகும்வரை சிறை, 104ஆம் பிரிவு. கயிற்றைப் பற்றி எழுத அவர்கள் மறப்பதில்லை.

தங்கச்சி, அன்றைக்கு நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எங்க அண்ணனைக் கொன்றவனுக்கும் தூக்கு வேண்டாம். 1991இல் இதை நான் சொல்லியிருக்க மாட்டேன். என் கையில் கொடுத்திருந்தால் நானே கயிற்றை இழுத்திருப்பேன். அவனை முதல் கொலைக்கே தூக்கில் போட்டிருந்தால் எங்க அண்ணன் இருந்திருப்பான் என்பது உண்மைதான். அந்தக் காலையில் ரைட்டர் அந்தத் தாளை வாங்கி ஒரு நம்பர் போட்டிருந்தாலும் இருந்திருப்பான். பரோலில் வந்தவன் மேல் ஒரு பிராது பதிவானால் போதும், பரோலை ரத்து செய்து உள்ளே அனுப்பியிருக்கலாம். அதற்கு ஒரு உயிரை எடுக்க வேண்டியதில்லை. ஒரு பேனா போதும். அந்த உண்மையைப் பக்கத்தில் வைத்துவிட்டு முதல் உண்மையை மட்டும் உரக்கப் பேசுகிறார்கள்.

இயக்க வேலை செய்கிற தோழர்களுக்கு ஒன்று. டேசனில் பிராதை வாங்க மறுத்தால் அழுதுகொண்டே திரும்பி வராதீர்கள். அதே தாளை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகையோடு. அதற்குச் சட்டம் இடம் தருகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரி, தலித்தோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால், வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் அவருக்கே தண்டனை உண்டு. எங்க அம்மாவுக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. தபால் செலவு அஞ்சாறு ரூபாய் ஆகியிருக்கும்.

அம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அந்தத் தாள் டிரங்குப் பெட்டியில் அண்ணன் சட்டைக்கு அடியில் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் பிய்ந்துபோய், கைநாட்டு மட்டும் இன்னும் தெரிகிறது. இந்தக் கட்டுரையை எழுதும்போது எடுத்துப் பார்த்தேன். "யாராச்சும் வாங்கிக்கிறேன்னாங்களா?" என்று கேட்டது அம்மா.